சூடேறும் வரை

ஆறு நாளாகக் கம்ப்யூட்டர் திரை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் போட்டதும் நடுங்கும். இருபது நிமிடம் ஆனால் தானாக நின்றுவிடும். அண்ணன் கடைக்கு வருவது பத்து மணிக்கு. நான் ஒன்பதரைக்கே பில் போட உட்கார்ந்துவிடுவேன். அதனால் அது நடுங்கி அவர் பார்த்ததே இல்லை.

மருந்து மொத்த வியாபாரம். நடுங்கும் திரையில் மூன்று எட்டாகத் தெரியும். அந்த வாரம் நான்கு பில்கள் தவறான பேட்ச் நம்பரோடு போய்த் திரும்பி வந்தன. நான்குமே பத்து மணிக்கு முன் போட்டவை. இன்னொன்று திரும்பி வந்தால் நீ வீட்டிலேயே இருந்துகொள் என்று அண்ணன் சொல்லிவிட்டார். படிப்பு முடித்த பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

திங்கட்கிழமை என் மானிட்டரை ரிப்பேர் என்று கழற்றிக் கொண்டுபோய், கிடங்கில் கிடந்த இந்தப் பழசை அவர்தான் மாட்டினார், போட்டுப் பார்க்காமலேயே போய்விட்டார்.

நாளுக்கு ஒன்றாக மாற்றிப் பார்த்தேன். கேபிள். பிளக் பாயிண்ட். ரிஃப்ரெஷ் ரேட். வெள்ளிக்கிழமை மின்விசிறியையும் டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். அது நடுங்குவதைப் போனில் படம் பிடித்து அண்ணனிடம் காட்டினேன். போனில் எடுத்தால் எந்தத் திரையும் அப்படித்தான் தெரியும் என்றார், அதுவும் உண்மைதான். கணக்குப் பார்க்க வந்திருந்த அண்ணி, என் காதில் விழும்படி அவரிடம் சொன்னார்:

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவ பிசிக்ஸ் வேற படிச்சிருக்கா, கேக்கணுமா?"

சனிக்கிழமை மதியம் சாப்பிடப் போகுமுன் மானிட்டரின் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். நன்றாக ஆறட்டும் என்று. அண்ணன் சாப்பிட்டுவிட்டு வந்ததும், ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் கண் முன்னால் போட்டேன்.

நடுங்கியது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"உள்ள கெப்பாசிட்டர் உப்பியிருக்கும்ணா. சூடேறினா ஒழுங்கா ஓடும். அதை மாத்திட்டா சரியாயிடும். தப்பு என் மேல இல்ல."

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஈரக் கையைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்தார்.

"தெரியும்மா."

நான் ஒயரைப் பிடித்தபடியே நின்றேன்.

"உன் மானிட்டருக்கு ஒண்ணும் இல்ல. கிடங்குலதான் மூடி வச்சிருக்கேன். ஒண்ணாம் தேதியில இருந்து அண்ணியோட தம்பி இங்க உக்கார்றான். உன்னைப் போன்னு சொல்ல வாய் வரல. அதான், ஆடும்னு தெரிஞ்சே இதை மாட்டினேன்."