தூங்கும் உயரம்

எங்கள் ஊரில் மனசு லேசாக இருப்பவர்கள் தூங்கும்போது மேலே எழும்பிவிடுவார்கள். அதனால் புது வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்கு முன்னால், யார் எவ்வளவு உயரத்தில் தூங்குவார்கள் என்று மேஸ்திரி அளந்து பார்ப்பது வழக்கம்.

எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் அளவு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமும் வாடகை வீடுதான். ஜெபமாலை சொல்லிவிட்டுப் படுத்தேன் என்றால் நேரே மேலே போய் சீலிங்கில் மூக்கு இடிக்கும். திரும்பிப் படுத்தால் தலையெண்ணெய்க் கறை படிகிறது என்று ஹவுஸ் ஓனர் அம்மா சொல்லிக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து பாயை விட்டு ஒரு விரல்கூட எழும்பினதில்லை. நான் மேலே, அவர் கீழே. பிள்ளைகள் இரண்டு பேரும் நடுவில் தூங்கி வளர்ந்தார்கள்.

மகன் பிரிட்டோ ஒன்பதடி போதும் என்றான். "ஏசி சீக்கிரம் குளிரும்மா. உயரமா வச்சா ஒட்டடை யாரு அடிக்கிறது?"

"நான் தூக்கத்துலயே அடிச்சிடுவேன்டா."

எனக்குப் பன்னிரண்டடி வேண்டும். ஆனால் எனக்கு மட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்காரரும் எழும்பினால் கேட்பது என்று மனசுக்குள் வைத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டதும், வானம் தெரிகிற கூடத்தில் பாய் விரித்தோம். மேஸ்திரி அந்தோணிசாமி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இடுப்பில் கயிறு கட்டித் தூணில் முடிந்தார். டேப்போடு ஏணியில் ஏறி உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. பக்கத்தில் படுத்த அவர் குறட்டை விட்டார், பாயிலேயே கிடந்தார்.

"அண்ணன் அசையலையே. ஒன்பதே போட்டுக்கலாம்க்கா. நீங்க ஒருக்களிச்சுப் படுத்துக்குங்க," என்றார் மேஸ்திரி.

"சிமெண்டு மூட்டையாவது அசையும் மேஸ்திரி, எங்கப்பா அசைய மாட்டாரு," என்றான் பிரிட்டோ.

நான் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். குடியிருந்த எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க ஓனர்கள் விட்டதில்லை. காலண்டர் தாழ்ப்பாளில் தொங்கும். மாதா படத்தை அரிசி டின் மேல் சாய்த்து வைத்திருப்போம். அரிசி எடுக்கும்போதெல்லாம் அவர்தான் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் காதோரம் குனிந்து, "என்னங்க, இது நம்ம சுவரு. ஆணி அடிச்சுக்கலாம்," என்றேன்.

குறட்டை நின்றது. "எத்தனை வேணும்னாலுமா?" என்று தூக்கத்திலேயே கேட்டார்.

"எத்தனை வேணும்னாலும்."

அவர் எழும்பினார். பாய் கொஞ்ச தூரம் முதுகில் ஒட்டிக்கொண்டே போய், பிறகு என் மடியில் விழுந்தது. மேஸ்திரி டேப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டடியில் அவர் ஒருதரம் புரண்டு, பக்கத்தில் இடம் விட்டுப் படுத்தார்.

"அப்போ பன்னிரண்டரை," என்றேன்.

"ஒட்டடைக் கம்பு நீளமா வாங்கணும்," என்றான் பிரிட்டோ.

சுவர்களுக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். செங்கல் வரிசை ஒருமுறை பெருமூச்சு விட்டது. வாசல் பக்கம் அஸ்திவாரத்துக்கு அடியில் வெயில் தெரிந்தது. வீடு, எங்களையும் சேர்த்து, தரையை விட்டு ஒரு முழம் எழும்பி நின்றது.

மேஸ்திரி ஏணியில் இருந்தபடியே வெளியே எட்டிப் பார்த்தார்.

"வாசல்ல ரெண்டு படி கூடுதலாப் போடணும்க்கா," என்றார்.