டர்போவுக்குப் பூசிய பவுடர்

சொல்லாதீங்க, இன்னொரு தடவை அதைச் சொல்லாதீங்க என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கும்போதே கணவர் காரின் சொந்தக்காரியிடம் சொல்லிவிட்டார்.

"வண்டியில ஒண்ணுமில்லம்மா. ஓட்டுற கைதான் சரியில்ல. சூடா ஓடி வந்ததும் பட்டுனு ஆஃப் பண்ணா எந்த டர்போ தாங்கும்?"

பட்டறை வாசலில் அந்தக் கார் நின்ற இடத்திலேயே நீலப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. காரின் சொந்தக்காரிக்குப் பட்டறையில் கேப்டன் என்று பெயர். வெயிலுக்காகப் போட ஆரம்பித்த வெள்ளைத் தொப்பியை அவர் நிழலிலும் கழற்றுவதில்லை. நடக்க முடியாத வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவர் தொழில். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பழைய டர்போ தேய்ந்துபோய் அவளுடைய கணவர் புதிது மாட்டினார். அது புகைந்தது. அதையும் கழற்றிவிட்டு இன்னொன்று மாட்டினார். இதோ, அதுவும் புகைகிறது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றான் கேப்டனின் மகன். "அவரே சொல்றாரு பாரு, உனக்கு ஓட்ட வரல. சாவியக் குடும்மா. இன்னைக்கே வித்துத் தொலைச்சிடலாம்."

கேப்டன் சாவியைத் தரவில்லை. மகனைப் பார்க்காமல், புகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எங்கப்பா பட்டுனு ஆஃப் பண்றேன்? உள்ள இருக்கிறவங்க கம்ப ஊனி இறங்கி நிக்கிற வரைக்கும் வண்டி சும்மாதான் ஓடிட்டிருக்கும். அப்பதான் இந்தப் புகையே வருது. ரோட்டுல போறப்ப வர்றதில்ல."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. தன் கையைத் தானே சந்தேகிக்கத் தொடங்கிவிட்ட ஒருத்தியின் குரல் அது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எத்தனையோ முறை, சரியான ஸ்பேனரை எடுத்துவைத்துக்கொண்டு, "இதுவா இருக்குமோ?" என்று கணவரிடம் அதே குரலில் கேட்டிருக்கிறாள்.

"மத்தியானம் வரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும்," என்றாள்.

கணவர் திரும்பிப் பார்த்தார். "நின்னு?"

"நான் பாக்குறேன்."

"பாரு, பாரு. பாத்துட்டு டர்போகிட்ட நலம் விசாரிச்சேன்னு சொல்லு." சிரித்துக்கொண்டே இன்னொரு வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போய்விட்டார். கெட்டவர் இல்லை. அவளைக் கேலி செய்வது அவருக்கு மூச்சு விடுவதைப் போல. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்தப் பட்டறையில்தான் இருக்கிறாள். போன் எடுப்பாள், கணவர் காருக்கடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கைவிளக்கைப் பிடிப்பாள். விளக்குப் பிடிப்பது வேலை என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் வேலை செய்கிறவரின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் விளக்குப் பிடிக்கிறவளுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்றும் சேர்த்துத் தெரியும்: அவருடைய கைகள்.

எஞ்சின் ஆறியதும் டர்போவின் வாயிலிருந்த காற்றுக்குழாயைக் கழற்றினாள். உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிடித்து ஆட்டினாள், இழுத்தாள், தள்ளினாள். கெட்டியான பல்லைப் போல நின்றது. இறக்கைகள் எங்கேயும் உரசிய தடமில்லை. இது நோயாளி இல்லை. நோயாளி என்று படுக்க வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நீலப் புகை என்றால் எரிவது எண்ணெய். டர்போ நன்றாக இருக்கும்போது அது ஏன் புகைக்குழாய்ப் பக்கம் போகிறது? எஞ்சினிலிருந்து டர்போவுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போகும்போது அதற்கு யாருடைய உந்துதலும் கிடையாது, தன் கனத்தில் தானே கீழே இறங்க வேண்டும். போகிற வழி குறுகினால் தேங்கும். தேங்கினால், கிடைத்த இடுக்கில் கசியும். வண்டி நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது, அதைத் தடுத்துப்பிடிக்கும் காற்றழுத்தமும் டர்போவுக்குள் இருக்காது. அந்த வழி எங்கே குறுகியிருக்கும் என்று அவளுக்கு யூகம் வந்துவிட்டது. ஆனால் யூகத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். கண்ணால் பார்க்க வேண்டும்.

டர்போவைச் சுற்றிப் படிந்திருந்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் கைப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து, கீழே இறங்கும் குழாய் வரைக்கும் தட்டினாள்.

எதிர்ப்பக்கம் கதவு நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலை நிறுத்தினார். "என்ன அண்ணி, வண்டியக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமாண்ணே. மாப்பிள்ளையத்தான் தேடிட்டிருக்கேன்."

விளக்குப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மகன் போனில் யாரிடமோ காரின் விலையைப் பேசிக்கொண்டிருந்தான். கேப்டன் தானாகவே வந்து விளக்கை வாங்கிக்கொண்டார். எஞ்சின் ஓடியது. இரண்டு பெண்களும் தலைகளை ஒட்டிக்கொண்டு அந்த வெண்மையையே பார்த்தார்கள். மேலே வெள்ளை. பக்கவாட்டில் வெள்ளை. காத்திருப்பது கேப்டனுக்குப் பழக்கம்போல, விளக்கு கொஞ்சமும் ஆடவில்லை.

"இங்க பாரும்மா," என்றார் கேப்டன் மெதுவாக. "கருக்குது."

கீழே, டர்போவும் குழாயும் சேரும் இடத்தில், பவுடரில் ஒரு நரம்பு மாதிரி ஈரம் ஓடியிருந்தது.

அணைத்து, ஆறவிட்டு, அந்தக் குழாயைக் கழற்றினாள். அதன் வாய்க்குள் சாம்பல் நிறத்தில் ஒரு நாக்கு தொங்கியது. பசை. இணைப்புக்கு நடுவே கசியாமல் பிடிக்கும் கேஸ்கெட் தகடு இருக்கும்போது பசையே வேண்டாத இடம். இறுக்கும்போது உள்ளே பிதுங்கி, காய்ந்து, இரண்டாம் முறை இன்னொரு படிவு சேர்ந்து பாதிக்கு மேல் வழியை அடைத்திருந்தது. எந்த டப்பாவிலிருந்து வந்த பசை, எந்தக் கட்டைவிரல் அதை இழுத்துத் தடவியது என்று அவளுக்குக் கேட்கவே தேவையில்லை. நான் கை வெச்ச எடத்துல ஒரு சொட்டு ஒழுகாது என்பது கணவரின் பெருமை. எல்லா இணைப்பிலும் ஒரு விரல் கூடுதலாகத்தான் தடவுவார். ஒழுகக் கூடாது என்ற அக்கறையே ஒழுக வைத்திருக்கிறது.

நாக்கைச் சுரண்டி எடுத்து ஒரு துணிமேல் வைத்தாள். குழாயைக் கழுவி, புது கேஸ்கெட்டைப் பசையில்லாமல் வைத்து முடுக்கினாள். கேப்டனைச் சாவியைத் திருப்பச் சொன்னாள். முதலில் முன்னைவிட அதிகமாகப் புகைந்தது. மகன் வாயைத் திறந்தான். "உள்ள தேங்கின பழைய எண்ணெய் எரியுது. எரிஞ்சு முடியட்டும் தம்பி," என்றாள். தன் குரலில் கேள்வி இல்லாததைத் தானே கேட்டாள்.

புகை மெலிந்தது. நூலானது. பிறகு இல்லை. கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டே இருந்தது. கேப்டன் இறங்கிப் பின்னால் போனார். தொப்பியைக் கழற்றிப் புகைக்குழாய்க்கு நேரே பிடித்தார். நரைத்த முடி காற்றில் பறந்தது. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினார். "மோந்து பாரு." அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். டிங்கர் சுத்தியலால் கதவை ஒரு தட்டுத் தட்டினார், மேளம் மாதிரி. அவள் சிரித்துவிட்டாள், சத்தமாகவே.

அப்போது கணவர் வந்து சேர்ந்தார். புகையில்லாத காரைப் பார்த்தார், பவுடரைப் பார்த்தார், துணிமேல் கிடந்ததைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அருகில் வந்து, காருக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நல்லா கண்டுபிடிச்சிருக்க. நெசமாத்தான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அத மட்டும் அப்படியே குப்பையில போட்டுடு. அவங்க ஏதோ மட்டமான ஆயில் ஊத்தியிருக்காங்கன்னு சொல்லிக்கலாம். பட்டறை பேருன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இவ்வளவு கெஞ்சலாக அவர் எதையும் கேட்டதில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்தக் கெஞ்சலுக்காகவே செய்திருப்பாள். கார் அந்தப் பக்கம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் தொப்பியை மறுபடியும் போட்டுக்கொண்டு, வண்டியின் கூரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் கைவிளக்கை எடுத்துக் கணவரின் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் பிடிங்க," என்றாள். "அவங்களுக்குக் காட்டணும்."

துணியோடு அந்தச் சாம்பல் நாக்கை எடுத்துப்போய்க் கேப்டனின் உள்ளங்கையில் வைத்தாள். பின்னாலிருந்து வெளிச்சம் வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நின்றாள். பிறகு மெல்ல, முதலில் தரையில், அப்புறம் கேப்டனின் மணிக்கட்டில், ஆடி ஆடி ஒரு மஞ்சள் வட்டம் ஏறி வந்தது.