தெருவிலிருந்து தெரியாத இடம்

2005இல் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்காக நிலத்தைச் சமன் செய்தபோது மண்ணுக்கடியில் ஒரு செங்கல் வீடு அகப்பட்டது. இரண்டாயிரம் வருடப் பழசு என்றார்கள். சுவர்கள் முழங்கால் உயரத்துக்குத்தான் மிஞ்சியிருந்தன. தோண்டி ஆராய எங்கள் தொல்லியல் குழுவுக்குப் பெரிய மனசு பண்ணி நாற்பது நாள் கொடுத்தார்கள். கடைசி நாளான சனிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். அபூர்வமான வீடு என்று அவர் எழுதினால் தப்பிக்கும், இல்லையென்றால் திங்கட்கிழமை புல்டோசர். குழுவை நடத்திய பேராசிரியர் நம்பிக்கை இழந்து, நீயே காட்டிவிடு இசக்கிசெல்வி என்று சொல்லிவிட்டுக் கேமராவோடு சென்னைக்குப் போய்விட்டார்.

நான் தொல்லியல் படித்தவள் இல்லை. நாலு வருடம் இன்னொரு கம்பெனியில் லைன் லீடராக ஒரு வரிசைத் தொழிலாளர்களை மேய்த்தேன். பிறகு கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். ஒவ்வொரு சுவரையும் கருவி வைத்து அளந்து, கம்ப்யூட்டருக்குள் வீட்டை முழு உயரத்துக்கு எழுப்ப வேண்டும். பிறகு தெருவில் ஓர் ஆளை நிறுத்தினால், அவன் கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் மஞ்சளாகும், தெரியாத இடம் நீலமாகும். முப்பத்தெட்டு நாளும் பின்னறை மஞ்சள்தான். வாசலில் நின்றால் கடைசிச் சுவர் வரைக்கும் தெரிகிற சாதாரண வீடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலுக்கு நேர் உள்ளே ஒரு குறுக்குச் சுவரின் அடி வெளிப்பட்டது. மூன்று வரிசைச் செங்கல், பிடிப்பு விட்டுச் சரிந்து கிடந்தது. அளக்கலாம் என்றால் கருவியில் சார்ஜ் இல்லை. கண்ணளவில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பின்னறை முழுக்க நீலமானது. தெருவில் ஆளை எங்கே நிறுத்தினாலும் நீலம்தான்.

அழுதுவிட்டேன். கம்பெனிப் பெண்கள் தங்கும் சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் ஒன்பது பேருக்கு ஓர் அறை எங்களுக்கு. உடை மாற்ற வேண்டுமென்றால் இன்னொருத்தி துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒருத்திக்கு, யார் கண்ணும் படாமல் உட்கார ஓர் இடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் புல்டோசருக்கு விட எனக்கு மனசில்லை. காலையில் அளந்துவிட்டால் போதும்.

காலை எட்டு மணிக்குப் போனால் தரை பளிச்சென்று இருந்தது. என் லைனில் வேலை பார்த்து, காண்ட்ராக்ட் முடிந்ததும் என்னோடு மண் அள்ள வந்த வேல்ராஜ், ஆறு மணிக்கே வந்து பெருக்கியிருக்கிறான். உதிரிச் செங்கலையெல்லாம் ஓரத்தில் பத்துப் பத்தாக அடுக்கி, சுற்றிச் சுண்ணாம்புக் கோடு வேறு. குறுக்குச் சுவர் இருந்த இடத்தில் விளக்குமாற்றுத் தடம்தான் இருந்தது.

"இன்னைக்கி ஆபீசர் வாராருன்னு சொன்னீயளேக்கா. அதான் கம்பெனியில ஆடிட்டுக்குச் செய்ற மாதிரி செஞ்சி வச்சேன்."

சபாஷ் சொல்வேன் என்று நின்றான். செங்கல் எது எங்கே கிடந்தது என்று கேட்டதும்தான் முகம் செத்துப்போயிற்று. அவனை அடித்திருப்பேன், கை எழவில்லை.

பத்து மணிக்கு அதிகாரி எல்லப்பன் வந்தார். பொறுமையாகப் பார்க்கிற மனிதர், அதுதான் வினை. கம்ப்யூட்டர் படத்தில், கருவி வைத்து அளந்த சுவர்களில் எல்லாம் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. குறுக்குச் சுவரில் ஒன்றுகூட இல்லை.

"இது அளந்ததாம்மா, நீங்களா போட்டதா?"

நேற்று வரைக்கும் இங்கேதான் இருந்தது, சுத்தம் பண்ணும்போது எடுத்துவிட்டான், அவனையே கேளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வேல்ராஜைக் கேட்டார். அவன் கையைப் பின்னால் கட்டி விறைப்பாக நின்றான்.

"இங்க ஒண்ணும் கெடக்கல சார். எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

"வேல்ராஜு, ஆடிட் இல்லடா இது."

அவன் என்னை மிரண்டு பார்த்துவிட்டு, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். ஒவ்வொரு ஆடிட்டுக்கு முந்தின நாளும் லைன் ஆட்களை நிறுத்தி, யார் எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஒப்பிக்க வைத்தவள் நான். மாற்றிச் சொன்னவர்களுக்கு ஓவர்டைம் கிடைக்காமல் செய்திருக்கிறேன்.

அந்தச் சுவரை எடுத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார் எல்லப்பன். சாதாரண வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட அதுதான் வேண்டுமாம். எடுத்தேன். தெருவில் நின்ற ஆளின் கண்ணிலிருந்து மஞ்சள் கிளம்பி, வாசலைத் தாண்டி, பின்னறைச் சுவர் வரைக்கும் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தவளை நானே தெருவுக்குக் காட்டிக் கொடுத்தேன்.