வயிற்று வலி என்று சொன்னார்கள்

அடிபம்பில் குடம் நிறைவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது. சங்கராபுரத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்து, பஸ் ஓடாததால் ஊரிலேயே மாட்டிக்கொண்ட ஒரு பெண் ராஜாம்பாளிடம் துக்கம் விசாரித்தாள்.

"இருவத்திமூணு வயசுப் புள்ளயாமே. இன்னா ஒடம்புக்கு?"

"வயித்து வலிம்மா. ரொம்ப நாளா இருந்துது."

இரண்டு மாதமாக இதே பதிலைச் சொல்லிச் சொல்லி ராஜாம்பாளுக்கு இப்போது குரல்கூடத் தடுமாறுவதில்லை. அவள் மகன் தீனதயாளனுக்கு ஒருநாளும் வயிற்று வலி வந்ததில்லை. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டிலிருந்தவன், ஆடி மாதத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அன்று அவள் கணவன் சடையன்தான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னான். "வயித்து வலின்னு சொல்லிடலாம். செல்விக்கு நாளைக்கு மாப்ள வர வாணாமா?" செல்வி அவர்களுடைய ஒரே மகள். பதினெட்டு வயது. அவளுக்காக ராஜாம்பாள் தலையாட்டினாள். அதன்பிறகு மகனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவும் இல்லை.

அது 1987 புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையில் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஊரில் பாதி ஆண்கள் சாலையில் இருந்தார்கள். சிலர் கைதாகிக் கடலூர் சிறையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு சின்னக்கண்ணுவும் அவர்களில் ஒருவன்.

சின்னக்கண்ணுவின் மனைவி மணிமொழிக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். பிரசவத்துக்கு முன்பு வாயாடி. இப்போது தலை வாருவதில்லை, தூங்குவதில்லை. குழந்தை வீறிட்டு அழும்போது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் மாமியார் லட்சுமியம்மாள் பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டினாள். அதற்கும் சரியாகாதபோது, "ஒலகத்துல இவ ஒருத்திதான் புள்ள பெத்தாளா?" என்று எரிச்சல்பட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மணிமொழி பின்வாசல் வழியாக ராஜாம்பாளிடம் வந்தாள். கையில் மடிப்புக் கலையாத பட்டுப்புடவை.

"செல்விக்குக் குடுங்க பெரிம்மா. கல்யாணத்துக்கு ஆவும்."

"இது ஒன் மொகூர்த்தப் பொடவ ஆச்சே?"

"எனுக்கு இனிமே எதுக்கு?" என்றவள், புடவையை அவள் கையில் திணித்தபடி சொன்னாள்: "கொழந்த உங்ககிட்டதான் அழாம இருக்குது. நீங்க பாத்துக்குவீங்க."

கையிலிருந்த புடவையைப் பார்த்ததும் ராஜாம்பாளுக்கு மகன் ஞாபகம் வந்தது. சாவதற்கு இரண்டு நாள் முன்பு தீனதயாளன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சிநேகிதன் கண்ணாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தான். புத்தகங்களையெல்லாம் தங்கையிடம் கொடுத்தான். அதைப் பார்த்து ராஜாம்பாள், 'என் புள்ளைக்கு எவ்ளோ பெரிய மனசு' என்று பெருமைப்பட்டாள். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு வெந்தது.

அவள் மணிமொழியைப் பிடித்து உட்கார வைத்தாள். இதைக் கேட்கலாமா, கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடுமா என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு கேட்டே விட்டாள்.

"மணி, எங்கிட்ட மறைக்காத. செத்துடலாம்னு நெனைக்கிறியா?"

மணிமொழி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பல வாரமாக வறண்டிருந்த கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இத்தினி நாளா யாருமே கேக்கல பெரிம்மா. ஆமா. தோணிக்கினே இருக்குது. நான் இருந்தா கொழந்தைக்குத்தான் கெடுதலாம், உள்ள யாரோ சொல்லிக்கினே இருக்கறா மாதிரி இருக்குது. ஏன்னு எனுக்கே தெரியல."

புள்ளையை நினைத்துப் பார், புருஷனை நினைத்துப் பார் என்று சொல்ல ராஜாம்பாளுக்கு நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். "சொல்லு, நான் கேக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். மணிமொழி பேசி முடிக்கும்வரை அவள் கையை விடவில்லை.

பிறகு நேரே லட்சுமியம்மாளிடம் போனாள். "மருமவள ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன்."

"இன்னாக்கா பேசற? பைத்தியம்னு பேர் கட்டிட மாட்டாங்களா? நாளைக்கு எம் மவன் ஜெயில்ல இருந்து வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"பொண்டாட்டி உசிரோட இருக்கான்னு சொல்லு."

லட்சுமியம்மாள் உள்ளே போய்க் குழந்தையை எடுத்து வந்தாள்.

குழந்தையை ராஜாம்பாள் தூக்கிக்கொண்டாள். இரண்டு பெண்களும் நடந்தார்கள். வெட்டிப்போட்ட முதல் மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது மரத்தருகே மணிமொழி உட்கார்ந்துவிட்டாள். சரியாகச் சாப்பிட்டே வாரக்கணக்கில் ஆன உடம்பு. கள்ளக்குறிச்சிக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. அங்கே பத்து இருபது ஆட்கள் நின்றார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் நின்றது. ஆட்களின் முன்னால் கண்ணாயிரம்.

"கண்ணாயிரம், டிராக்டர்ல எங்கள ஆஸ்பத்திரில வுட்டுடு."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு பெரிம்மா. பிரசவம், பாம்புக்கடின்னா வுடுவோம். இவங்களுக்கு இன்னா?"

வயிற்று வலி என்று சொல்லியிருக்கலாம். உடனே விட்டிருப்பார்கள். பழகிய வார்த்தை வாய்க்குள் வந்தும் விட்டது. ஆனால் ராஜாம்பாளால் அதை இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை.

"மனசு சரியில்ல. சாவணும்னு தோணுதாம்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? ரெண்டு வேப்பல அடிச்சா ஓடிடும்."

ராஜாம்பாள் சிரித்தவனைப் பார்க்கவில்லை. கண்ணாயிரத்தையே பார்த்தாள்.

"எம் புள்ள வயித்து வலில சாவல கண்ணாயிரம். நாங்க பொய் சொன்னோம். அவனா உசிர வுட்டான். ரெண்டு நாளு முன்னாடி வாட்ச ஒனக்குக் குடுத்தானே, அப்பவே நானு கேட்டிருக்கணும். கேக்கல. அதுக்கு முன்னாடி இவ பொடவயக் குடுக்க வந்திருந்தா அதுவும் எனுக்கு வெளங்கி இருக்காது. இன்னைக்கி வந்தா. வெளங்கிச்சி. என்ன வுடு."

கண்ணாயிரத்தின் கை தானாகவே இடது மணிக்கட்டை மூடியது. அந்தக் கடிகாரம் அங்கேதான் இருந்தது. தீனதயாளனின் பாடையைத் தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருவன். மணிமொழியைக் கைத்தாங்கலாக மரத்தைத் தாண்டவைத்து டிராக்டரில் ஏற்றினான். குறுக்கே கிடந்த மரங்களை வயல் வழியாகச் சுற்றி ஓட்டினான்; வழியில் எங்கேயும் அவர்களை நிறுத்திக் கேட்க யாரையும் அவன் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் மணிமொழியிடம் வெகுநேரம் பேசினார். பிறகு ராஜாம்பாளை அழைத்தார். "பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு இப்படி வரும்மா. இது பேயும் இல்ல, சோம்பலும் இல்ல. நோய். மருந்துக்குக் கட்டுப்படும். ரெண்டு மூணு நாள் இங்க இருக்கட்டும். வீட்டுக்குப் போனப்புறமும் தனியா விடாதீங்க. பூச்சி மருந்து எதுவும் அந்த வீட்டுல வைக்க வேண்டாம். ரோடு திறந்ததும் சேலத்துல மனநல டாக்டர்கிட்ட காட்டணும். சீட்டு எழுதித் தரேன்."

ராஜாம்பாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எம் புள்ளையையும் இட்டுக்கினு வந்திருந்தா பொழச்சிருப்பானாம்மா?"

டாக்டர் அவள் தோளில் கையை வைத்தார். "இது இன்னதுன்னு அப்ப உங்களுக்குத் தெரியாதும்மா." ராஜாம்பாள் அந்தத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து, இரண்டு மாதம் அடக்கிவைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள்.

மறியல் முடிந்து பஸ் ஓடியது. சின்னக்கண்ணு விடுதலையாகி வந்து மனைவியைச் சேலத்துக்கு அழைத்துப் போனான். ஐப்பசி பாதியில் மணிமொழி குழந்தைக்குத் தானே தலைக்கு ஊற்றிவிட ஆரம்பித்தாள். எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. ஆனால் முடியாத நாளில், "இன்னைக்கி முடியல பெரிம்மா" என்று வந்து சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ராஜாம்பாள் வீட்டில்தான் நிலைமை மோசமாக இருந்தது. ரோட்டில் அவள் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. செல்வியைப் பார்க்க வருவதாக இருந்த சின்னசேலத்துக்காரர்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று ஆளனுப்பினார்கள். "எனுக்கு அவசரம் இல்லம்மா" என்றாள் செல்வி. ஆனால் சடையன் மனைவியோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

ஒரு நாள் காலை பால் சொசைட்டியில் கூட்டம். பெண்கள் வரிசையில் ராஜாம்பாள் நின்றாள். ஆண்கள் பக்கத்தில் பூமாலை என்பவன் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

"சாவறேன் சாவறேன்னு சொல்றவங்க யாரும் சாவ மாட்டாங்கப்பா. சின்னக்கண்ணு பொண்டாட்டி சும்மா பயமுறுத்தியிருக்கறா."

மூலையில் குந்தியிருந்த சடையன் எழுந்தான்.

"எம் மவன் சொன்னான்டா."

எல்லோரும் திரும்பினார்கள். ராஜாம்பாள் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தாள்.

"ஆனி மாசம், கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தேன். வந்து வரப்புல ஒக்காந்தான். 'நைனா, எனுக்கு இருக்கவே புடிக்கல'ன்னான். நான் மம்பட்டியக் கீழகூட வைக்கல. 'போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு, எல்லாம் சரியாப் பூடும்'னேன். எழுந்து போயி தண்ணி காட்டினான். அதுக்கப்புறம் எங்கிட்ட அவன் ஒண்ணும் சொல்லல."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜாம்பாள் அவனருகே வந்தாள். அவன் அவளைப் பார்த்தான். "ஒங்கிட்டகூட சொல்ல எனுக்குத் தெகிரியம் இல்ல ராஜாம்பா."

"நானும் பாக்காமதான வுட்டேன்" என்று அவள் ஊரறிய அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சடையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூமாலையிடம் சொன்னான்:

"ஒரு உசிரு சாவணும்னு வாய வுட்டுச் சொன்னா, அது மெரட்டல் இல்லப்பா. காப்பாத்துன்னு கேக்குது. வேலைய அப்டியே போட்டுட்டு கிட்ட ஒக்காந்து கேளு. தனியா வுடாத. காச்சலுக்கு டாக்டராண்ட போறோம் இல்ல, இதுக்கும் இட்டுக்கினு போ. வெக்கப்படாத. வெக்கப்பட்டு நான் பேர காப்பாத்திக்கினேன், புள்ளயக் காப்பாத்தல."