டச்சா, பட்டனா

மலையேறுகிறவர்களுக்கான அந்தக் கடையில் கூடாரம், கயிறு, காலணி, தண்ணீர்ப் பை என்று எல்லாம் இருந்தன. உட்கார ஒரு நாற்காலிதான் இல்லை. பிரேக் வாத்தியார் கடைசிக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, உள்ளே வரிசையாக நின்ற ஜி.பி.எஸ் கருவிகளை முறைத்துக்கொண்டிருந்தார். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. கொஞ்ச நாளாகவே அந்தக் கை பைக்குள்தான் குடியிருக்கிறது.

பிரேக் வாத்தியார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூலில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு தாறுமாறாக ஓட்டினாலும் அவர் வண்டி எதிலும் மோதியது கிடையாது. அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. அதை மிதிக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஏதோ கடைப் பலகையைப் படிப்பதுபோல் வைத்துக்கொள்வார். வண்டியை நிறுத்தியது தாங்கள்தான் என்று மாணவர்கள் பூரித்துப்போவார்கள். அவர் மனைவியும் ஒரு காலத்தில் அப்படிப் பூரித்துப்போனவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு குட்டு உடைந்தபோது ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவளுக்குப் பல் செட் செய்கிற வேலை. பிளாஸ்டர் மாவில் எடுத்த பல் அச்சும் அரமுமாக இன்னும் தினமும் உட்காருகிறாள். வாத்தியாருக்கு ஓய்வு வந்ததும் வீட்டில் ஒரே ரகளை. அலமாரிகளை இடம் மாற்றினார், அவளுடைய அரங்களை நீளவாரியாக அடுக்கினார், வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கெல்லாம் இலவசப் பாடம் எடுத்தார். இவரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் டப்பா வந்து காப்பாற்றியது.

யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை மரப்பொந்திலோ பாலத்தடியிலோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர். கிடைத்ததை எடுத்து வரவும் கூடாது, இதற்கு எதற்கு இந்த அலைச்சல் என்று அவள் வேலை செய்யும் இடத்துப் பல் டாக்டர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்குப் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் அவளுக்கு முன்னால் எழுந்து, சீட்டியடித்துக்கொண்டே காலணி மாட்டுவார். அந்தச் சீட்டிக்காக அவள் எந்தப் பொந்துக்குள்ளும் கை விடத் தயார்.

வழி காட்டுவது அவர், தேடுவது அவள். எழுதாத ஒப்பந்தம். போனைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். "லெஃப்ட் எடு, மெதுவா, மெதுவா" என்பார். இடம் வந்ததும் அவள் முழங்கையை மடக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

போன மாதம் அதில் மண் விழுந்தது. வெயிலில் போன் திரையைத் தொடும்போது அவர் விரல் ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டு மூன்று தடவை தட்டிவிட்டது. வரைபடம் சுருங்கியது, விரிந்தது, கடைசியில் தேடிக்கொண்டிருந்த புள்ளியே அழிந்துபோனது. "இந்தக் குப்பை போனை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவர் பாதி வழியில் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சீட்டிச் சத்தம் கேட்கவில்லை.

கை நடுங்குகிறது என்பது இருவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய தேநீர்க் கோப்பையை இப்போதெல்லாம் பாதிதான் நிரப்புகிறாள். பட்டனுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போட்டால் சௌகரியம் என்று பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தாள். டாக்டரிடம் போகலாமா என்ற ஒரு வரி மட்டும் தொண்டையிலேயே நின்றது. உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போடுகிறவள், இதற்கு மட்டும் வாயடைத்துப்போனாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும்.

அதனால்தான் "போன் வேணாம், காட்டுக்குன்னே ஒரு ஜி.பி.எஸ் வாங்கிடுவோம்" என்று அவர் சொன்னதும் சனிக்கிழமை வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். பட்டன் வைத்த கருவியை வாங்கிவிட்டால் போதும். பட்டன் அழுத்தினால்தான் கேட்கும், நடுங்கிப் பட்டால் கேட்காது. மறுபடியும் தொடுதிரையை வாங்கி, அதுவும் கையில் தோற்றுவிட்டால், இந்த மனிதர் வாசலைத் தாண்ட மாட்டார்.

கடைக்காரர் பெரிய தாடியும் ஓயாத வாயுமாக இருந்தார். எதைக் காட்டினாலும் அதுதான் உசத்தி என்றார். இரண்டு கருவிகளை வெளியே எடுத்து வைத்தார். ஒன்று அகலமான தொடுதிரை. இன்னொன்று தடியாக, திரைக்குக் கீழே ரப்பர் பட்டன்களோடு, அந்தக் காலத்து டெலிபோன் மாதிரி இருந்தது.

"இதுதான்" என்று வாத்தியார் தொடுதிரையை இடது கையால் எடுத்தார். "மேப் எவ்ளோ பெருசா தெரியுது பாரு."

"மழை பெஞ்சா டச் வேலை செய்யாதுங்க."

"மழையில நாம எப்ப போனோம்?"

"கையுறை போட்டா?"

"நீ எப்ப கையுறை போட்ட? பாம்புப் பொந்துலயே வெறுங்கைய விடறவ."

கடைக்காரர் நடுவில் புகுந்தார். "சார், ஒரு இடத்தைப் போட்டுப் பாருங்க. அப்பத்தான் தெரியும்."

வாத்தியார் வேறு வழியில்லாமல் வலது கையை வெளியே எடுத்தார். வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு டப்பாவின் எண்கள் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகத் தட்டினார். விரல் திரையில் இறங்கும்போது ஒரு குட்டி உதறல் உதறிவிட்டுத்தான் இறங்கியது. ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு விழுந்தன, அழித்தால் மூன்று அழிந்தன. முடிந்ததும் மூன்று பேரும் திரையைக் குனிந்து பார்த்தார்கள். சுற்றிலும் நீலம்.

"கடலுக்குள்ள காட்டுது சார்" என்றார் கடைக்காரர், வஞ்சகமில்லாமல்.

"டப்பா வெச்சவன் மீனவனா இருப்பான்" என்றார் வாத்தியார். சிரிக்கவில்லை. கை பைக்குள் போய்விட்டது.

ஏதாவது சொல்லி இந்த இடத்தைக் கடக்க வேண்டும் என்று அவள் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"பட்டனே இருக்கட்டுங்க. எனக்குத்தான் டச் ஒத்துவராது. இனிமே நானும் பிடிக்கணும்ல."

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. வாத்தியார் அவளைப் பார்க்கவில்லை. கருவியைக் கண்ணாடிமேல் மெதுவாக வைத்தார்.

"ஓ" என்றார். "நீ பிடிக்கப் போறியா."

வண்டிச் சாவியை ஒருவரிடமிருந்து வாங்கிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. நல்லது செய்யப் போய் இப்படி வினையை இழுத்துக்கொண்டோமே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். இனிப் பின்வாங்கவும் முடியாது. சொன்ன பொய்யையாவது ஒழுங்காகக் காப்பாற்றுவோம் என்று தொடுதிரைக் கருவியை இழுத்தாள்.

"மாவையும் அரத்தையும் தேச்சுத் தேச்சு என் விரல்ல ரேகையே இல்ல. இதெல்லாம் என்னை மதிக்கவே மதிக்காது. பாருங்க."

தட்டினாள். திரை அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். அப்போதும் அசையவில்லை. கடைக்காரர் தாடியைச் சொறிந்துகொண்டு, கருவியை வாங்கித் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். அவள் மறுபடி தட்டினாள். மறந்தும் விரல்நுனி படாமல் நகத்தால் தட்டினாள்; நகம் பட்டால் தொடுதிரைக்குக் கேட்காது. தட்டும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். கடை ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தில் ஒரு சாவி செய்கிறவரின் பலகை இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

திரும்பினாள். வாத்தியார் அவள் விரலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உலகத்தில் யாரை ஏமாற்றினாலும் இந்த முகத்தால் இவரை ஏமாற்ற முடியாது. இதைக் கண்டுபிடித்ததே அவர்தான்.

"நேத்து ராத்திரி போன்ல அவ்ளோ நேரம் உன் அக்காகூட டைப் அடிச்சிட்டிருந்தியே" என்றார் மெதுவாக. "நகத்தாலயா?"

அவள் கருவியைக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள். முகம் சுட்டது.

"எவ்ளோ நாளா?"

"டீ சிந்த ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றாள்.

"அதான் கப்புல பாதி பாதியா ஊத்துனியா? சிக்கனம் பிடிக்கறேன்னு நெனச்சேன்."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வியாபாரத்தை விட மனமில்லாமல், "சார், ரெண்டுல எதுவும் பிடிக்கலைன்னா இன்னொரு மாடல் இருக்கு" என்று ஆரம்பித்தார்.

வாத்தியார் வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். மறைக்காமல், கண்ணாடிமேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தம்பாட்டுக்கு எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைத் தடுக்கவில்லை.

"எனக்குக் கை நடுங்கும் தம்பி" என்றார். "பட்டன் இருக்கறதுல நல்லதா ஒண்ணு காட்டுங்க. பிடிக்கப் போறது நான்தான்."

அந்த வார்த்தையை அவள் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. தனக்குள்கூடச் சொல்லிப் பார்க்கப் பயந்த வார்த்தையை, முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரரிடம், செருப்புக்கு அளவு சொல்வதுபோல் சொல்லிவிட்டார். வீடு இடிந்து விழவில்லை. கடைக்காரர் "அப்படியா சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு குனிந்து கீழ்த்தட்டில் துழாவி, இன்னும் பெரிய பட்டன்களோடு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வாத்தியார் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கை ஆடியது, எண் ஆடவில்லை. ஒன்றுக்கு ஒன்றுதான் விழுந்தது. கடைசி எண்ணையும் போட்டுவிட்டுத் திரையைத் திருப்பி அவளிடம் காட்டினார். வரைபடம் அவர்கள் தெருவைக் காட்டியது. அவளுக்குத் தெரு சரியாகத் தெரியவில்லை. கண் கலங்கி எல்லாம் தண்ணீராக இருந்தது.

"கை நடுங்கறது எனக்கு. நீ எதுக்கு அழற?"

"நான் ஒண்ணும் அழல" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அப்புறம், இத்தனை நாள் தொண்டையில் நின்ற வரி தானாகவே வெளியே வந்தது. "டாக்டர்கிட்ட போலாங்க."

அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பார் என்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போலாம்" என்றார்.

"நாளைக்கே."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. டாக்டர் எங்க இருப்பாரு? நமக்கும் வேலை இருக்கு." அவர் கருவியைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார், அடங்குகிறதா என்று. "திங்கக்கெழம போலாம். ஆனா ஒண்ணு. அங்க நீயும் உள்ள வரணும். தனியா போக எனக்குப் பயமா இருக்கு."