கீரிப் பொந்துக்கு எதிரே

கடையில் நாள் முழுக்க "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிப் பாஸ்போர்ட் படம் எடுத்தே அவளுக்குப் பாதி வயது போய்விட்டது. அதனாலோ என்னவோ, விடுமுறைக் காலைகளில் யார் சொல்லுக்கும் நிற்காத உயிர்களைத் தேடிக் கேமராவோடு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவாள். ஸ்டாண்டையும் ஃபிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு கணவரும் கூடவே வருவார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாது. டிப்போவில் அவருக்கு ரேடியோ என்றே பெயர்.

இடிந்த மதிலின் அடியில் கீரிப் பொந்து இருப்பதைக் கண்டுபிடித்ததே அவர்தான். வாரக்கணக்கில் புதரோடு புதராகக் கிடந்தார்கள். ஒருநாள் தாய்க்கீரி மூக்கை நீட்டியது. பின்னாலேயே குட்டிகள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தாள்.

"அடடே, அந்தக் கடைக்குட்டி நம்ம சின்னவ மாதிரியே முழிக்குது பாரு," என்றார் அவர்.

வால்கூடப் படத்தில் விழவில்லை.

"நீங்க இனிமே வராதீங்க," என்றாள். "உங்க வாயால இதுவரைக்கும் உருப்படியா ஒரு படம் இல்ல. நீங்க இல்லன்னாதான் எனக்கு நிம்மதி."

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்கே தெரிந்தது. அவர் சிரித்து மழுப்பினார். "சரிதான், உன் வேலைக்கு நான் எதுக்குக் குறுக்க," என்று ஃபிளாஸ்க்கை இறுக்கி மூடினார். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபம் விடவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தனியாகப் போனாள். படமும் கிடைத்தது. தாயின் முதுகில் தாடையைச் சாய்த்துக்கொண்டு ஒரு குட்டி நேராக அவளையே பார்த்தது. பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அவரும் வந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு," என்றார். அதோடு சரி. அரை மணி நேரமாவது அளப்பார் என்று காத்திருந்தவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

அதற்குப் பிறகு கூப்பிடும்போதெல்லாம், "நீ போயிட்டு வா," என்றே சொன்னார். விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் கிளம்பி வந்தார்.

மதிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் அசையவே இல்லை. தும்மல் வந்தபோது கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். குட்டிகள் வெளியே வந்து கட்டிப் புரண்டன. அவள் கேமராவை இறக்கிவிட்டு, "பாத்தீங்களா, எப்படி வளந்துடுச்சு," என்று கிசுகிசுத்தாள். அவர் உதட்டில் விரலை வைத்துப் பொந்துப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

குட்டிகள் உள்ளே போன பிறகு அவளே ஆரம்பித்தாள். "அன்னைக்கு ஏதோ எரிச்சல்ல சொல்லிட்டேங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"அட, அதை எப்பவோ மறந்தாச்சு," என்றார். உண்மையிலேயே மறந்தவர் மாதிரிதான் சொன்னார்.

ஸ்டாண்டை மடக்கித் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு வரும்வரை அவள்தான் எதையெதையோ பேசிக்கொண்டே வந்தாள். அவர் "ம்" கொட்டிக்கொண்டு போனார்.