மூன்று வருடத் தடை

"ஆறு மாசம் போதும் நோலீன்," என்றான் பிரோடி. படிவத்தை அவள் பக்கம் தள்ளி, முதல் கட்டத்தின் மேல் பேனா முனையை அவனே வைத்துக் காட்டினான்.

நோலீன் பேனாவைத் தொடவில்லை. இறைச்சிக்கூடத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு ஏறிய வேலை. பகல் இரண்டரைக்கு இறங்கி நேராக இங்கே வந்திருந்தாள். இந்த ஊருக்கு ஜூலைதான் குளிர்காலம், அந்தக் குளிர் வேறு. எலும்பு நீக்கும் மேடையில் விறைத்த விரல்கள் இன்னும் மடங்கவில்லை. எதிரே கிளப் மேலாளன் பிரோடி. பக்கத்து நாற்காலியில் மகள் டாம்சின்.

ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு, மூன்று. நான்கு கட்டங்கள். எதில் குறி போடுகிறாளோ அத்தனை காலம் நோலீன் இந்தக் கிளப் வாசலை மிதிக்கக் கூடாது. சூதாட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கி வைத்துக்கொள்ளும் கையெழுத்து. போட்டபின் நடுவில் மனம் மாறினாலும் செல்லாது.

"மார்ச்சுல டாம்சின் கல்யாண விருந்து நம்ம ஹால்லதானே? ஆறு மாசம்னா ஜனவரியிலயே முடிஞ்சிரும். சரியா வருது பாருங்க."

"ஒனக்குச் சரியா வருது."

"அம்மா, அவர் நல்லதுக்குத்தான் சொல்றாரு," என்றாள் டாம்சின். "ஆறு மாசம் போடு. போன தடவ இருந்தியே."

இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆறு மாதம் சுத்தமாக இருந்தாள். ஆனால் வில்காரா ஊரே அதைப் பந்தாட்டக்காரனுக்குப் போட்ட தடை மாதிரிதான் எடுத்துக்கொண்டது. எதிரணிக்காரன் தாடையில் முழங்கையை விட்டவனுக்கு ஆறு ஆட்டம் தடை என்றால், இந்த ஊரில் யாரும் அவனைத் திருந்தச் சொல்ல மாட்டார்கள். எப்போது திரும்பி வருவான் என்று நாள் எண்ணுவார்கள். அப்படித்தான் இறைச்சிக்கூடத்து மேடையில் கத்தி தீட்டிக்கொண்டே, "இன்னும் எத்தன வாரம் நோல்?" என்று கேட்டார்கள். அவளும் விரல் விட்டுச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஆட்டத்தை விடவில்லை, தண்டனையைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

தடை முடிந்த வெள்ளிக்கிழமை காலையே கிளப்பிலிருந்து செய்தி வந்தது: மீண்டும் வருக, இன்றைய சாப்பாடு எங்கள் செலவு. கதவைத் திறந்ததும் ஒரே கைதட்டல். யாரோ பீர் வாங்கிக் கொடுத்தார்கள். கூட வேலை செய்யும் டாட், "ஒன் மெஷின் காலியாத்தான் கெடக்கு, மொத காசு என்னோடது," என்று தன் காசையே போட்டுப் பொத்தானை அவளை அழுத்தச் சொன்னாள். அவ்வளவுதான். விட்ட இடத்திலிருந்து தொடங்கியது, இரண்டு மடங்கு பசியோடு.

"போன தடவ மாதிரிதான் இப்பவும் ஆகும்," என்றாள் நோலீன். "ஹாலுக்கு எப்படிப் போறது, சொல்லு பிரோடி."

"பின்னாடிதான். தெரியாதா?"

"எது வழியா?"

பிரோடி பேனாவை உருட்டினான். ஹாலுக்குப் போவதானாலும் கழிப்பறைக்குப் போவதானாலும் போக்கி என்ற அந்தச் சூதாட்ட இயந்திரங்களின் நடுவேதான் போக வேண்டும். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, யாரோ ஜெயித்துவிட்ட மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டு, இரண்டு பக்கமும் நாற்பது இயந்திரங்கள். அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

"கல்யாணத்தன்னைக்குக்கூடவா ஒன்னால கடந்து வர முடியாது?" டாம்சினின் குரல் உடைந்தது. "எனக்காக ஒரு நாள்?"

"ஒங்கப்பா செத்தப்ப துக்கச் சாப்பாடு எங்க நடந்துச்சு?"

"இங்கதான்."

"ஒங்க சித்தப்பா எந்திரிச்சு அவரப் பத்திப் பேசினப்ப நான் எங்க இருந்தேன்?"

"காத்து வாங்க வெளிய போனேன்னு சொன்ன."

"காத்தா? கழிப்பறைக்குன்னு எந்திரிச்சேன்டி. ரெண்டு மணி நேரம் மெஷின் முன்னாடி கறுப்புச் சட்டையோட உக்காந்திருந்தேன். அங்க ஒங்கப்பனுக்காக எல்லாரும் அழுதிட்டிருந்தாங்க. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல." பிரோடி பக்கம் திரும்பினாள். "இதோ, இந்த ராசாதான் காபி கொண்டாந்து குடுத்தான். ரெண்டு தடவ. பிஸ்கட்டும் வச்சு."

"நான் பாவப்பட்டுத்தான் நோலீன்..."

"பாவமா! காபிக்கு எந்திரிச்சா அப்படியே போயிருவேன்னு பயம். புருஷன் பொணம் குழிக்குள்ள போயி அரை நாள்கூட ஆகல. பாவப்பட்டவன் கையப் புடிச்சு ஹாலுக்குள்ள கூட்டிட்டுப் போயிருப்பான்!"

பிரோடியின் முகம் சிவந்தது. டாம்சின் அம்மாவைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோலீன் பேனாவை எடுத்தாள். கடைசிக் கட்டத்தில், தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் குறி போட்டுக் கையெழுத்திட்டாள்.

"மூணு வருஷமா? நல்லா யோசிச்சீங்களா?"

"முப்பது இல்லாததால மூணு."

"செவுத்துப் பக்கம் நில்லுங்க. படம் எடுக்கணும். வாசல்ல இருக்கறவங்களுக்கு அடையாளம் தெரியணும்ல."

"காச உருவினது ஒன் மெஷின். படம் எனக்கா?"

"விதி அப்படி."

நின்றாள். தலையை நிமிர்த்தித்தான் நின்றாள். கையெழுத்தானதும் வெளியேறிவிட வேண்டும் என்பதும் விதி. அந்தப் போக்கிகளின் நடுவே பிரோடி பின்னாலேயே வந்து, வாசல் கதவு சாத்தும்வரை நின்றான்.

நோலீன் காரில் உட்கார்ந்திருந்தாள். டாம்சின் வெளியே வரக் கால் மணி நேரம் ஆனது. காரில் ஏறிக் கதவை ஓங்கி அறைந்தாள். சாவியைத் திருகவில்லை.

"ஹாலை வச்சுக்கறியா விடறியான்னு கேக்கறான். இன்னைக்கே சொல்லணுமாம்."

"ஒன் கல்யாணம். வச்சுக்கிட்டா நான் சர்ச்சோட நின்னுக்கறேன். விருந்துக்கு வர மாட்டேன்."

"பொண்ணோட அம்மா எங்கன்னு ஊரே கேக்கும்!"

"கேக்கட்டும்."

"இந்த ஊருல நூத்திருபது பேர் உக்கார வேற எடம் எங்கம்மா இருக்கு?" ஸ்டீயரிங்கைக் குத்தினாள். "எங்க இருக்கு?"

"எங்க கூடத்துச் சாப்பாட்டறை இருக்கு. ஞாயித்துக்கெழம காலியாத்தான் கெடக்கும்."

"மாடு வெட்டற எடத்துலயா? கல்யாண கவுனோடயா?"

"அங்க மாட்ட மட்டுந்தான்டி உரிக்கறாங்க."

டாம்சினுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே புறங்கையால் துடைத்தாள். கிளப் கதவை வெகுநேரம் முறைத்தாள்.

"ரத்த வாடை அடிக்குமா?" என்று கேட்டாள்.

"அடிக்கும். சனிக்கெழம முழுக்க நானே கழுவி விடறேன்."

டாம்சின் காரை விட்டு இறங்கி, கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, பிரோடியிடம் பதில் சொல்ல வேகமாக நடந்தாள்.